இறுவட்டிலிருந்து மென்பொருள் நிறுவும்போது கணினி ஏன் அசையாமல் நின்றுவிடுகிறது?

இறுவட்டைப் போட்டு மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொண்டிருக்கும்போது கணினி நடுவில் அசையாமல் நின்றுவிட்டால், "ஸ்டக் ஆகிவிட்டது" என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடுவதே நம்மில் பெரும்பாலானோரின் வழக்கம். அவ்வாறு நிறுத்துவதற்கு முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். இப்படி நிற்கும் கணினி பெரும்பாலும் எதற்காகவோ காத்துக்கொண்டுதான் நிற்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பழுதில் முக்காற்பங்கு தீர்ந்த மாதிரி.

2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாவுக்குப் போகப் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுப் பாதைக்காகக் கரையில் காத்து நின்றதை நம் ஊரவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரிசையில் நின்ற லொறியின் எஞ்சினில் ஒரு குறையும் இருந்திருக்காது. பாதை அக்கரையிலிருந்து வந்து சேரும் வரை சாரதியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இறுவட்டிலுள்ள ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு நிற்கும் நிறுவல் நிரலின் நிலையும் அதுதான். கேட்ட கோப்பு வந்து சேராமல் அதனால் அடுத்த படிக்குப் போக முடியாது. நாம் மவுஸால் எத்தனை தடவை தட்டினாலும் அது வரிசையின் நீளத்தைக் கூட்டுமே தவிர, பாதையைச் சீக்கிரம் கொண்டுவராது.

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கச்சான் காற்று அனலாக வீசிய ஓர் ஆவணி மாதப் பிற்பகலில், தம்முடைய கணினியையும் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிய ஆங்கில அகராதி இறுவட்டு ஒன்றையும் என்னிடம் கொண்டு வந்தார். "தம்பி, மூன்று தரம் போட்டுப் பார்த்திட்டன். மூன்று தரமும் பாதியில ஸ்டக் ஆகி நிக்குது" என்றார். "சேர், மூன்று தரமும் ஒரே இடத்திலயா நின்டது, வேற வேற இடத்திலயா?" என்று கேட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை. இவ்வகைப் பழுதுகளில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்றை நான் அறியேன். அதன் காரணம் விளங்க வேண்டுமானால், இறுவட்டு எப்படி வாசிக்கப்படுகிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண இறுவட்டு, அதாவது சிடி, 120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் தட்டு. அதில் தரவு நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி, நுளம்புச் சுருளைப் போல ஒரே சுருட்கோடாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர் மட்டுமே. அதாவது ஒரு மில்லிமீற்றருக்குள் அறுநூறுக்கு மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும். டிவிடியில் இந்த இடைவெளி 0.74 மைக்ரோமீற்றராகக் குறைகிறது, தரவுக் குறிகளும் சிறிதாகின்றன; பெரும்பாலும் இவற்றால்தான் அதே அளவுத் தட்டில் 700 மெகாபைட்டுக்குப் பதிலாக 4.7 ஜிகாபைட் கொள்கிறது. இவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட கோட்டை, வேகமாகச் சுழலும் தட்டில், ஒரு லேசர் கதிர் வழுவாமல் பின்தொடர்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

சிறு கீறலோ தூசியோ குறுக்கிட்டால் உடனே வாசிப்பு நின்றுபோவதில்லை. ஒரு சிறிய பகுதி வாசிக்க முடியாமற் போனாலும் மீதியைக் கொண்டு அதைக் கணக்கிட்டு மீட்கக்கூடியவாறு, இறுவட்டில் தரவோடு சேர்த்துத் திருத்தக் குறிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தொடர்ச்சியாகத் தரவு அழிந்தாலும் சிடியின் இந்த ஏற்பாட்டினால் ஈடு செய்ய முடியும். அதற்கு மேல் போனால் டிவிடி டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயலும். சுழல்வது வேகம் கூடிக் குறைந்து, "விர்ர்" என்று எழும்பி அடங்கி, மறுபடி எழும்பும் அந்த ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அந்த நேரமெல்லாம் நிறுவல் நிரல் விடைக்காகக் காத்திருக்கிறது. திரையில் பச்சைக் கோடு ஒரே விகிதத்தில் நிற்கிறது. நாம் கணினி செத்துவிட்டது என்று நினைக்கிறோம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கணினி உண்மையிலேயே முடங்கிவிட்டதா, காத்திருக்கிறதா என்று பிரித்தறிவது. விசைப்பலகையில் நம்லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. டிரைவின் முகப்பிலுள்ள விளக்கு மினுங்குகிறதா, தட்டுச் சுழலும் ஓசை வருகிறதா என்றும் அவதானியுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கால் மணி நேரம் பொறுத்திருப்பது நல்லது. விளக்கு மாறாமல், மவுஸின் அம்புக்குறியும் நகராமல், ஓசையும் இல்லாமல் இருந்தால்தான் அதை முழு முடக்கம் என்று கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று இறுவட்டுகளாக வரும் மென்பொருள்களில், "அடுத்த தட்டைப் போடவும்" என்று கேட்கும் சிறு பெட்டி சில வேளைகளில் பெரிய சாளரத்தின் பின்னால் மறைந்துவிடும். கணினி நம்மிடம் கேட்டுவிட்டு நமக்காகவே காத்திருக்கும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டாப் விசையைத் தட்டினால் மறைந்திருக்கும் பெட்டி வெளியே வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே மூதூரிலிருந்து பேருந்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நிறுவலை மீண்டும் தொடங்கி, எத்தனை விகிதத்தில் நிற்கிறது, அப்போது திரையில் எந்தக் கோப்பின் பெயர் தெரிகிறது, தொடங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று முறை இதைச் செய்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் நின்றால் குற்றம் பெரும்பாலும் இறுவட்டில் இருக்கிறது. கீறல் இடம் மாறுவதில்லை அல்லவா? இடம் மாறி மாறி நின்றால் நினைவகம், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். கோப்பு மாறினாலும் நேரம் மாறாமல், எப்போதும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றால், அது வெப்பத்தின் அடையாளம். ஆசிரியரின் கணினியில் மூன்று முறையும் 63 விகிதத்திலேயே நின்றது.

இறுவட்டைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. விளிம்பையும் நடுத்துளையையும் மட்டும் பிடித்து, ரியூப் லைட்டின் கீழ் மெதுவாகச் சரித்துத் திருப்பினால், நேராகப் பார்க்கும்போது தெரியாத கீறல்களும் கைரேகைகளும் வெளிச்சத்தில் எழுந்து வரும். ஆசிரியரின் தட்டில் நடுவிலிருந்து வெளியே ஓடிய கீறல்கள் ஏழெட்டு இருந்தன. அவை எனக்குக் கவலை தரவில்லை. விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே, வட்டத்தோடு வட்டமாக வளைந்து போன ஒரே ஒரு மெல்லிய கீறல்தான் கவலை தந்தது. நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கணம் மட்டுமே வெட்டிச் செல்வதால், திருத்தக் குறிகள் அதை எளிதாக ஈடு செய்துவிடும். வட்டத்தின் வழியே போகும் கீறலோ தரவு எழுதப்பட்ட கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டு, தொடர்ச்சியாக நீண்ட பகுதியை மறைத்துவிடுகிறது.

தட்டைத் துடைக்கும் முறையும் இதே காரணத்தால்தான் விதிக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியை இலேசாக நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சாப்பாட்டுக் கோப்பையைத் துடைப்பதுபோல வட்டமாகத் தேய்த்தால், துணியிலுள்ள ஒரு மணல்துகள் போதும், முன்பு இல்லாத வட்டக் கீறலை உண்டாக்க. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீடுகளில் கடற்கரை மணல் நுழையாத லாச்சி ஏது? பற்பசை பூசித் தேய்க்கும் வழக்கமும் உண்டு. பற்பசை நுண்ணிய அரம் போன்றது. ஆழமில்லாத கீறலை அது மழுக்கக்கூடும், ஆனால் கை தவறினால் நிலைமை மோசமாகும். வேறு வழியே இல்லாதபோது தவிர நான் அதைச் செய்வதில்லை.

பலரும் அறியாத ஒன்று, சிடியில் ஆபத்தான பக்கம் பளபளக்கும் கீழ்ப்பக்கம் அன்று, பெயர் அச்சிட்ட மேற்பக்கம் என்பது. தரவைத் தாங்கும் உலோகப் படலம் பெயரச்சுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அதன் மேல் மெல்லிய மெருகு மட்டுமே உண்டு. கீழ்ப்பக்கத்துக் கீறல் பிளாஸ்ரிக்கில் விழுந்த கீறல். மேற்பக்கத்துக் கீறல் தரவிலேயே விழுந்த கீறல். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஊசித்துளை போன்ற ஒளிப் புள்ளிகள் தெரிந்தால், அந்த இடத்துத் தரவு உதிர்ந்து போய்விட்டது. டிவிடியில் 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தட்டுகளுக்கு நடுவே தரவு இருப்பதால் இந்த ஆபத்துக் குறைவு. நடுத்துளையிலிருந்து வெடிப்பு ஓடிய தட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் டிரைவில் போடாதீர்கள். வேகமான டிரைவ்களில் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முறை சுழலும். வெடித்த தட்டு உள்ளேயே சிதறிவிடக் கூடும்.

தட்டு குற்றவாளிதான் என்று உறுதி செய்ய, நிறுவல் நிரலை ஒதுக்கிவிட்டு, இறுவட்டிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வன்தட்டில் ஒரு புதிய கோப்புறைக்குள் பிரதி செய்து பாருங்கள். முழுவதும் பிரதியாகிவிட்டால், அந்தக் கோப்புறையிலுள்ள செட்டப் கோப்பை இயக்கி அங்கிருந்தே நிறுவலாம். டிரைவின் மெதுவான வாசிப்பு நடுவில் குறுக்கிடாது. ஏதாவது ஒரு கோப்பில் நின்று, சுழற்சி மிகைமைச் சோதனைப் பிழை என்ற பொருள்பட ஓர் ஆங்கிலச் செய்தி வந்தால், வாசித்த தரவு எழுதிய தரவோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். எந்தக் கோப்பு என்பதும் அப்போதே தெரிந்துவிடும். விண்டோஸின் ஈவண்ட் வியூவரைத் திறந்து பார்த்தாலும் இது பதிவாகியிருக்கும்: சிடிரோம் என்ற பெயரோடு 7ஆம் இலக்கப் பதிவு இருந்தால் தட்டில் வாசிக்க முடியாத பகுதி உண்டு, 11ஆம் இலக்கம் இருந்தால் டிரைவுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள கேபிளையும் சந்தேகிக்க வேண்டும்.

அதன் பின் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். அதே தட்டை அயல்வீட்டுக் கணினியிலும், நன்றாக வேலை செய்யும் வேறொரு தட்டை நம் கணினியிலும் போட்டுப் பார்த்தால், பழுது தட்டிலா டிரைவிலா என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. டிரைவ்கள் எல்லாம் ஒரே திறமை உடையவை அல்ல. லேசர் தளர்ந்த பழைய டிரைவ் கைவிட்ட தட்டைப் புதியதொன்று தயக்கமின்றி வாசிப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். வீட்டில் எழுதிய இறுவட்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல், ஏனெனில் அவற்றில் தரவு அச்சிடப்படாமல் ஒருவகைச் சாயத்தில் எழுதப்படுகிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் அந்தச் சாயம் மங்கிவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழைய கணினிகள் இன்னும் சில இடங்களில் இருப்பதால், அவற்றுக்கே உரிய ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டிரைவிலிருந்து தரவு நினைவகத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. டிஎம்ஏ என்ற வழியில், ப்ரொசெஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவு நேராக நினைவகத்துக்குப் போய்விடும். பிஐஓ என்ற வழியில் ஒவ்வொரு துண்டையும் ப்ரொசெஸரே கையால் எடுத்து வைக்க வேண்டும். அப்போது வேறு வேலைக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. கீறல் விழுந்த தட்டு ஒன்றினால் பிழைகள் கூடி ஆறு தடவையாகிவிட்டால், பாதுகாப்புக் கருதி எக்ஸ்பி தானாகவே வேகமான வழியைக் கைவிட்டு, படிப்படியாக மெதுவான வழிக்கு இறங்கிவிடும்; பின்னர் நல்ல தட்டைப் போட்டாலும் மேலே ஏறாது. ஒரு கெட்ட தட்டுக்குப் பின் எல்லாத் தட்டுகளிலும் கணினி திணறத் தொடங்கினால் இதுவே காரணமாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிரைவ் பொருத்தப்பட்ட ஐடிஇ சனலின் பண்புகளைத் திறந்து, தற்போதைய முறை பிஐஓ என்று இருந்தால், அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் செய்துவிட்டுக் கணினியை மீள ஆரம்பிக்க வேண்டும். விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து வேகமான வழியில் அமைத்துக்கொள்ளும்.

இடம் மாறி மாறி நிற்கும் கணினியிடம் வருவோம். நிறுவல் நிரல் சுருக்கப்பட்ட கோப்புகளை நினைவகத்தில் வைத்து விரித்துத்தான் வன்தட்டில் எழுதுகிறது. நினைவகத்தில் ஒரு புள்ளி பழுதானாலும், தட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இன்று ஒரு கோப்புச் சிதைந்திருப்பதாகவும் நாளை வேறொரு கோப்புச் சிதைந்திருப்பதாகவும் செய்தி வரும். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: கடற்காற்றின் உப்பும், வாடைக்காலத்து ஈரப்பதமும் நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் மங்கலான படலத்தைப் படிய வைக்கின்றன. பிளக்கைக் கழற்றி, கேசின் இரும்பை ஒரு தடவை தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, பலகையைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் அந்தப் பொன்னிற முனைகளை மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுத் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். "கிளிக்" என்று இருபுறப் பூட்டும் விழ வேண்டும். பிறகும் சந்தேகம் இருந்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் கருவியை இரவில் ஓடவிடலாம்.

வெப்பத்தைக் குறித்து அதிகம் விளக்க வேண்டியதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழுள்ள அறையில், தூசி அடைத்த மின்விசிறியோடு, நிறுவல் போன்ற கடும் வேலையைக் கொடுத்தால் ப்ரொசெஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். தூசியை ஊதி அகற்றி, விசிறி சுழல்கிறதா என்று பார்த்து, அதிகாலையில் நிறுவிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

மின்சாரத்தில், வெளியே பொருத்தும் யூஎஸ்பி டிவிடி டிரைவ்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இப்போதைய மடிக்கணினிகளில் டிரைவ் இல்லாததால் பலரும் இவற்றையே வாங்குகிறார்கள். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி அம்பியர் மின்னோட்டத்தையே தரக் கடமைப்பட்டது. தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் டிரைவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். போதாதபோது டிரைவ் மயங்கி விழுந்து எழும்பும், அதனோடு சேர்ந்து நிறுவலும் நின்றுவிடும். இரண்டு தலை கொண்ட கேபிள் டிரைவோடு வந்திருந்தால் அது அலங்காரத்துக்கு வந்ததன்று, இரண்டையும் பொருத்துங்கள். மேசைக் கணினியானால் முன்பக்கத் துளையை விட்டு, தாய்ப்பலகையோடு நேரடியாக இணைந்த பின்பக்கத் துளையில் பொருத்துங்கள்.

தட்டும் பாகங்களும் நலமாக இருந்தும் நிற்குமானால் மென்பொருளின் பக்கம் திரும்பலாம். வைரஸ் எதிர்ப்பு நிரல் ஒவ்வொரு கோப்பையும் நிறுத்திச் சோதிப்பதால் வேலை நின்றதுபோலத் தோன்றலாம். தட்டு நம்பகமானதென்றால் மட்டும் நிறுவி முடியும் வரை அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, முடிந்ததும் மறவாமல் இயக்குங்கள். சி டிரைவில் மென்பொருளின் அளவைப்போல இரு மடங்காவது இடம் இருக்கட்டும், ஏனெனில் விரித்த கோப்புகளும் தற்காலிகமாக அங்கேயே தங்கும். 1990களில் வந்த சில தட்டுகளின் நிறுவல் நிரல்கள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸில் அவை பெரும்பாலும் ஓட மாட்டா, அதற்கு நம் கணினியைக் குறை சொல்ல முடியாது. மிக அவசியமான பாகங்களோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் போய் நிறுவிப் பார்க்கலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. விண்டோஸ் இன்ஸ்டோலர் சேவை அங்கே வழக்கமாக இயங்காது என்பதால் அது வீண் முயற்சி.

எல்லாம் பார்த்தும் அசையாமல் நின்று, வேறு வழியின்றி மின்சுவிட்சை நான்கைந்து செக்கன்கள் அழுத்திப் பிடித்து நிறுத்த நேர்ந்தால், உடனே மறுபடி நிறுவத் தொடங்கிவிடாதீர்கள். எழுதிக்கொண்டிருந்த வன்தட்டு பாதியில் விடப்பட்டிருக்கிறது. முதலில் சி டிரைவின் பண்புகளில் உள்ள பிழைச் சோதனையை ஓடவிட்டு, பாதி நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலில் தெரிந்தால் அதை நீக்கி, கணினியை ஒரு தடவை மீள ஆரம்பித்த பின்னரே மீண்டும் முயல வேண்டும்.

ஆசிரியரின் அகராதித் தட்டைத் துடைத்துவிட்டு அவருடைய டிரைவில் போட்டுப் பிரதி செய்தபோது, ஒலிக் கோப்புகள் அடங்கிய ஒரே ஒரு கோப்பில் அது மறுபடி நின்றது. என் மேசையில் இருந்த வேறொரு டிரைவில் போட்டேன். அதுவும் அந்தக் கோப்பில் ஏறக்குறைய இருபது நிமிடம் எழும்பியும் அடங்கியும் முனகிக்கொண்டிருந்தது. சேர் கதிரையை இழுத்துப் போட்டு அதன் அருகிலேயே அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் கோடு மெல்ல நகர்ந்தது. பிரதியான கோப்புறையைப் பென் டிரைவில் அவருடைய கணினிக்கு மாற்றி, அங்கிருந்து நிறுவியபோது ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தக் கோப்புறையை வன்தட்டிலேயே விட்டுவைத்து, தட்டை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தேன்.